தானாகத் துள்ளிய கட்டைவிரல்

தொண்ணூறுகளின் நடுவில் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். எங்கள் பிரிவின் சீன டாக்டருக்கு ஓர் ஆசை. அக்குபங்சர் ஊசி குத்தினால், நோயில்லாதவர்களின் மூளையில் கையை அசைக்கும் பகுதி கூடுதலாக வேலை செய்கிறதா, அடங்குகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, நல்ல உடம்புக்காரர்கள்தான் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஊசியா? வேற ஆள பாரு லா," என்றார்.

நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். சனிக்கிழமை காலை தானாகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கட்டைவிரலின் அடிச்சதையில் கம்பிகளை ஒட்டினேன். டாக்டர் தலைமேல் காந்தச் சுருளைப் பிடித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். விரல் துள்ளியது.

"ஏய், நான் ஆட்டல! அதுவா ஆடுது!"

"காந்தம் மூளைய தட்டுது, மூளை விரலுக்குச் சொல்லுது. எவ்வளவு துள்ளுதுன்னு மெஷின் அளக்கும். ஊசிக்கு முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்கா," என்றேன்.

பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசி இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் ஊசியை மெல்லத் திருகினார்.

"கனமா இருக்கு. வலி இல்ல," என்று கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

இரண்டாம் அளவும் எடுத்து முடிந்து அவர் எழுந்ததும் டாக்டர் என்னைப் பார்த்து, "யூ ஆல்சோ ஹெல்த்தி, வாட்?" என்றார். ஆள் குறைகிறதே என்று நானும் உட்கார்ந்தேன். முதல் அளவு எடுத்து முடிந்து, என் கையில் ஊசி இறங்கியது. பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் முகம் வெளிறி, சுவரோரமாகச் சரிந்து கிடந்தார்.

டாக்டர் ஓடிப்போய் அவர் கால்களைத் தூக்கிப் பிடித்தார். தெளிந்ததும் நர்ஸ் குடிக்கச் சூடாக மைலோ கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒங்களுக்குக் குத்துனப்ப நல்லாத்தானே இருந்தீங்க?" என்றேன்.

"என் கைல குத்துனா தாங்கிக்குவேன். ஒன் கைல குத்துறத எப்படிப் பாக்கறது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை தளர்ந்திருந்தால்தான் அளக்க முடியும். டாக்டர் "ரிலேக்ஸ், ரிலேக்ஸ் லா" என்கிறார். அடக்க அடக்கச் சிரிப்பு கூடுகிறது. கடைசியில் ஊசியை உருவிவிட்டு, அடுத்த வாரம் கணவரை விட்டுவிட்டு வரச் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் கேன்டீனில் காத்திருக்க, ஒழுங்காக அளந்து முடித்தோம். ஊசிக்குப் பிறகு அவர் விரல் சற்றுக் கூடுதலாகவும் என் விரல் குறைவாகவும் துள்ளியிருந்தன. இரண்டு பேரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, இன்னும் பலரைப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் முடிவுகட்டிவிட்டார். "அவளவிட எனக்குத்தான் மூளை ஜாஸ்தி வேலை செய்யுதாம்," என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவந்தார். நான் மறுக்கவில்லை. என் கையில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த மனிதர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது எனக்கு.