எந்தப் பேரில் வந்தாலும் அந்தப் பேரில் கடை

குர்லாவில் எங்கள் வெப்சைட் ஆபீஸின் ஷட்டரைத் தூக்கும்போதே சுடலை அண்ணாச்சி வாசலில் நின்றார். தாராவியில் தோல் பை தைத்து விற்கிறவர்.

"ஏம்மா, எம் பேரச் சொல்லி வாரவன எங்கண்ணன் கடைக்குள்ள புடிச்சுத் தள்ளுதீயளே, இது நியாயமா?"

அவருக்கும் அண்ணன் முருகேசனுக்கும் ஒரே பட்டறைதான். தமிழ்ச் சனம் அண்ணன் பேரைச் சொல்லி வரும். இந்திக்கார வியாபாரிகள் தம்பி பேரைச் சொல்லி வருவார்கள். அதனால் ஆளுக்கொரு டொமைன், அதாவது அவரவர் பேரில் ஒரு வெப் அட்ரஸ்; பின்னால் ஒரே சைட். பை வாங்குகிற பக்கத்துக்கு, பேருக்கு முன்னால் 'கடை' சேர்த்து ஒரு சப்டொமைன்.

தம்பியின் டொமைன் பிற்பாடு வந்தது. 'கடை' பட்டனில் அண்ணனுடைய முழு அட்ரஸ் அப்படியே கிடந்தது. தம்பி பேரில் நுழைந்து அதை அமுக்கினால், மேலே அண்ணன் பேர்!

"இன்னைக்குச் சரியாவலன்னா பட்டறைக்கு நடுவுல சுவர் வச்சிருவேன்."

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கூட வேலை பார்க்கிற பிரியா, "தம்பி பேருன்னா தம்பி கடைன்னு ஒரு கண்டிஷன் போட்ரு, பஸ், காம் கதம், வேலை முடிஞ்சுது" என்றாள்.

"நாளைக்கு மூணாவது பேரு வந்தா?"

லிங்கில் முழு அட்ரஸ் எழுதுவதையே விட்டேன். ஆள் எந்தப் பேரில் வந்தார் என்று பக்கம் பார்க்கும். நம்முடைய பட்டியலில் இருக்கிற பேர்தான் என்றால் அதற்கு முன்னால் 'கடை' சேர்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

மத்தியானம் பட்டறைக்கே போய், இருவரையும் அவரவர் போனில் அமுக்கச் சொன்னேன். அண்ணன் அண்ணன் கடையில், தம்பி தம்பி கடையில். அப்பாடா!

"ஏல சுடல, செங்கலுக்குச் சொல்லிட்டியால?" என்றார் முருகேசன்.

"சும்மா இரும்ண்ணே." சுடலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெஷினில் இருந்த முருகேசன் மனைவி செல்வி தலை நிமிர்ந்தார். "ஆம்பளையளுக்கு ஆளுக்கொரு பேரு. தைக்க நானும் எங்க கொழுந்தன் பொஞ்சாதியும் என்ன தொக்கா?"

மறுநாள் அவர்கள் இருவர் பேரையும் சேர்த்து மூன்றாவது டொமைன் வாங்கினோம். நம்முடைய பட்டியலில் அதையும் சேர்த்தேன். ஒரு லிங்கைக்கூடத் தொடவில்லை. செல்வி அமுக்கினார். அவர்கள் பேரிலேயே கடை திறந்தது. பட்டறையே கை தட்டியது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருகிறவர் எந்தப் பேரைச் சொல்லி வந்தாரோ, அந்தப் பேரிலேயே உள்ளே கூட்டிப் போங்கள்.

சுடலை அண்ணாச்சி இப்போது தன் விசிட்டிங் கார்டில் மூன்று பேரையும் அச்சடித்திருக்கிறார். முதலில் இருப்பது பெண்கள் பேர்.