முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு

புதிதாக வாங்கிய காலெண்டுலா க்ரீமைத் திறந்ததும், திண்டிவனத்தில் அம்மா களிம்பு காய்ச்சிய தகரக் கொட்டகை மணந்தது. கொட்டகை போய், இன்று அங்கே கார்கள் நிற்கின்றன. சாமந்தி போலிருக்கும் ஆரஞ்சு நிறக் காலெண்டுலாப் பூக்களை அம்மா நிழலில் உலர்த்தி, தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, வடிகட்டி, தேன்மெழுகு சேர்த்துக் கிண்டுவாள். ஈரக்கை பட்டால் எண்ணெய் கெட்டுவிடுமாம். அதனால் நான் வாசலோடு சரி. பள்ளி விட்டு வந்து, அவள் முதுகைப் பார்த்தபடி, கரண்டி உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பேன்.

களிம்பு ஆறிய பிறகுதான் கூப்பிடுவாள். ஊரார் கன்னத்துக்கும் குதிகாலுக்கும் போகுமுன், என் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

“எரியுதாடி? அரிக்குதா?”

“தெரியலம்மா. இன்னும் கொஞ்சம் தடவு.”

“வேல கெடக்குது, ஜல்தி சொல்லு” என்பாள், ஆனாலும் தடவுவாள்.

இந்த டப்பாவிலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறது. தடவினேன். எரியவில்லை, அரிக்கவில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில், என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.