சிவசாமி சார் பாதியில் நிறுத்திய கதை

இது நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். ஃபஹாஹீலில் என் டேப் ரிக்கார்டர் கடைக்கு வந்துபோகிற அத்தனை பேரும் அதற்குச் சாட்சி. ஸ்டோர் கீப்பர் சிவசாமி சார் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவுடனே, "சார், உங்க இதயம் லீவு கேக்குது" என்றேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனால் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்வதில் இந்தக் குவைத்தில் எனக்கு நிகர் இல்லை. போன புதன்கிழமை மத்தியானம் கேம்ப் டிரைவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னான்: "பாய், சார் கலாஸ், போயிட்டாரு. ஸ்டோர்லயே விழுந்துட்டாரு." கையில் இருந்த டேப் ரிக்கார்டரைக் கீழே போட்டுவிட்டேன். ஜப்பான் சரக்கு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சார் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, இங்கே வந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ரூமில் விக்டோரியா மகாராணி காலத்து நாவல்களைத் தமிழில் சொல்வார். நூறு பேர் கூடுவோம். ரூம் கொள்ளாது என்பீர்கள், கொண்டது. அந்தக் காலத்தில் நாவல்கள் மாதாமாதம் துண்டு துண்டாகத்தான் வருமாம். அதே வழக்கப்படி சாரும் உச்சக்கட்டத்தில் நிறுத்தி, "மீதி அடுத்த வெள்ளி" என்று எழுந்துவிடுவார். "சார், இது அநியாயம்! ஒரு வாரம் எவன் தூங்குறது?" என்று பெயிண்டர் மாணிக்கம் கத்துவான்.

சாரின் மகள் மதுரையில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டவள். அதற்குப் பிறகு சார் அவள் பெயரையே எடுத்ததில்லை. நான் லீவில் போயிருந்தபோது அவள் என் ஊர் கீழக்கரைக்குப் பஸ் ஏறி வந்து ஒரு கேசட் கொடுத்தாள். நாம் எல்லாம் ஊருக்கும் இங்கேயுமாகக் குரலை அனுப்பிக்கொள்வது கேசட்டில்தானே. மஞ்சள் நூல் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தாள். "அப்பா கேட்டுட்டு என்ன சொன்னாருன்னு மட்டும் வந்து சொல்லுங்க மாமா" என்றாள். சார் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்ததோடு சரி.

கடைசி வெள்ளிக்கிழமை சொன்ன கதையில் ஓர் ஆலை முதலாளி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான்; திங்கட்கிழமை அவன் ஆலையில் பச்சைப் பிள்ளைகள் நூல் இழுக்கும். மகள் ஒரு கூலிக்காரனோடு போய்விடுகிறாள். ஒரு பனிக்காலத்தில் கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டுகிறாள். அப்பன் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அங்கே நிறுத்தினார். "அந்தச் சீமைக்கு ரயில் வந்தது, ஆலை வந்தது, ஓட்டு வந்தது. வீட்டுக்குள்ள இருந்த அப்பன் மட்டும் மாறவே இல்ல" என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அவன் கதவைத் திறக்குறது இருக்கட்டும். நீங்க மொதல்ல கேசட்டைப் போடுங்க சார்."

"கதை வேற, வீடு வேற பாய்."



திங்கட்கிழமை சாயங்காலம் சார் கேசட்டோடு கடைக்கு வந்தார். என்னிடம் இருந்ததிலேயே பெரிய செட்டில் போட்டேன். மகள் குரல் கேட்டதும் கவுண்டரில் தலை சாய்த்து அழுதார். "அவளை வரச் சொல்லு பாய்" என்றார். இரங்கல் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது ரூமே விம்மியது.

சார் பெட்டியில் ஊருக்குப் போய்விட்டார். அவர் சாமான்களைக் கட்டியபோது கேசட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

நூறு பேர் என்றது, நோய் பார்ப்பேன் என்றது எல்லாம் இருக்கட்டும், அவை புளுகு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அழுகை நான் இட்டுக்கட்டியது. சார் வந்தது உண்மை. கேசட்டைக் கவுண்டரில் வைத்து, கொஞ்ச நேரம் நூலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம் பாய்" என்று போய்விட்டார். மகள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.

அடுத்த லீவில் மதுரைக்குப் போய், அப்பா என்ன சொன்னார் என்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் தட்டினால் அவள்தான் வந்து கதவைத் திறப்பாள்.