கை இளகும் வரை

சாவு வீட்டுக்குப் போனால் அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்க வேண்டும். இப்போதெல்லாம் முதலில் கேட்பது பெட்டிச் சத்தம். போன மாதம் கோவில்பட்டியில் மாடசாமி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டது. கண்ணாடி மூடி போட்ட வாடகைக் குளிர்ப்பெட்டி, அதன் கால்மாட்டில் மோட்டார், ஒரே சுதியில் ஓர் இரைச்சல். எனக்குப் பழகிய இரைச்சல்தான். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன் நான்.

மாடசாமிக்கு இந்தப் பெட்டி ஆகாது. "நான் செத்தா என்னைய ஐஸ்ல வச்சிராதீங்க அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தான். வீட்டில் சொல்ல வாயெடுத்தாலே "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு" என்று மனைவி அடக்கிவிடுவாளாம். எந்தக் கிழமையில் சொன்னாலும் அவளுக்கு அது வெள்ளிக்கிழமைதான் என்று சிரிப்பான். ஆக, அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அவனோ உள்ளே வேட்டி சட்டையோடு படுத்திருந்தான்.

அந்த இரைச்சல் எனக்குப் பழகிய கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு முருங்கைக்காய்க் கம்பெனி இருந்தது. காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிநீரில் முக்கி எடுத்து, உறைய வைத்து, பெட்டி போட்டு, குளிர்சாதனக் கண்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து கப்பலில் துபாய், லண்டன் என்று நம்மாட்கள் சாம்பாருக்கு ஏங்குகிற ஊருக்கெல்லாம் போகும். நான் அங்கே சூப்பர்வைசர். பெயர்தான் பெரிது. ராத்திரியும் மோட்டார் இரைச்சலுக்குப் பக்கத்தில் படுத்துக் குளிர் குறையாமல் பார்ப்பதும், "கப்பல் ஒனக்காக நிக்காதுடே" என்று முதலாளியிடம் வசவு வாங்குவதும்தான் உத்தியோகம். சித்திரை மாதத்தில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக நான் வெளியே வந்தால், ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "ஏலே, இவனுக்கு என்ன குளிர்சுரமா?" என்று ஒரு பெரியவர் நிஜமாகவே இரக்கப்பட்டுக் கேட்டார். அந்த அவித்த முருங்கை வாசம் தலைமுடியிலேயே தங்கிவிடும். எங்கள் வீட்டில் பல வருஷம் முருங்கைக்காய்ச் சாம்பார் வைக்கவில்லை.

காய் நறுக்கப் பக்கத்து ஊர்ப் பெண்கள் வருவார்கள். அதில் சண்முகத்தாய் என்று ஒருத்தி. புருஷன் இல்லை. ஆட்டுக்கிடையை விற்று ஒரே மகனைத் துபாய்க்கு அனுப்பியவள். அந்த மகன்தான் மாடசாமி. அங்கே ஒரு குளிர்கிடங்கில் கண்டெய்னரில் வருகிற சரக்கை இறக்கி அடுக்குகிற வேலை அவனுக்கு. அவனுக்கு ஐஸில் வேலை என்று தெரிந்ததிலிருந்து, உலகத்துக் கப்பலெல்லாம் மகன் கைக்குத்தான் போகிறது என்று சண்முகத்தாய் முடிவு கட்டிவிட்டாள். "ஏட்டி, ஒழுங்கா அடுக்குட்டி. எம்புள்ள கையிலதான் போய்ச் சேரப்போவுது" என்று மற்றவர்களை விரட்டுவாள். லண்டன் சரக்குக்கும் அதையேதான் சொல்வாள். நான் திருத்தப் போவதில்லை. என்ன கெட்டுப்போச்சு?

ஒரு கோடையில் நறுக்கிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மகனுக்கு டெலிபோன் போனது. மறுநாள் எப்படியும் வந்துவிடுவேன், நான் வராமல் தூக்கிவிடாதீர்கள் என்று கதறினானாம். கொள்ளி போட அவனை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அந்த வெயிலில் எப்படி வைத்திருப்பது? வாடகைப் பெட்டியெல்லாம் எங்கள் பக்கம் அப்போது கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குக்குக் கொண்டுபோனால் அறுத்துத்தான் தருவார்கள் என்று ஊருக்கே பயம். கம்பெனி முற்றத்தில் ஒரு பழைய கண்டெய்னர் நின்றது. கப்பலுக்கு ஆகாதென்று கழித்ததை வாங்கிப்போட்டு, சரக்குச் சேர்த்து வைக்கப் பயன்படுத்தினோம். முந்தின நாள்தான் லோடு போய்க் காலியாக இருந்தது. சண்முகத்தாயின் தம்பி அய்யாத்துரை ஊரைத் திரட்டிக்கொண்டு வந்து முதலாளியின் காலில் விழுந்தார். "அவன் ஆத்தா மொகத்தப் பாத்துரணும் மொதலாளி. வேற ஒண்ணும் கேக்கல."

முதலாளி முற்றத்துக்கு நடந்துபோய்க் கண்டெய்னரைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டுச் சரக்கு வைக்கிற இடம். கடைசியில், "வச்சிக்கிடுங்க. இனிமே அதுல சரக்கு வைக்கப்பிடாது" என்றார் என்னைப் பார்த்து.

மரப்பலகை போட்டு, புதுப்பாய் விரித்து, அவளைப் படுக்க வைத்தோம். அய்யாத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிர நல்லாக் கூட்டி வையுங்க. மொகம் மாறிரக் கூடாது" என்றார். கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? எங்களுக்குத் தெரிந்த குளிர் ஒன்றே ஒன்றுதான், மைனஸ் பதினெட்டு. கப்பலுக்கு அதுதான் கணக்கு. காயை வைத்தாலும் அது, ஆத்தாளை வைத்தாலும் அது. அங்கே நின்ற ஒருத்தருக்கும் வேறு யோசனை வரவில்லை, பாவிகளுக்கு.

மறுநாள் உச்சிப்பொழுதில் மாடசாமி வந்து இறங்கினான். கதவைத் திறந்ததும் புகையாய்க் குளிர் இறங்கியது. வேப்பமரத்தடியில் கொண்டுவந்து கிடத்தினோம். முகம் மாறவே இல்லை. புருவத்தில் மட்டும் வெள்ளையாய்ப் பனி. "யம்மா" என்று மேலே விழுந்தவன், விழுந்த வேகத்தில் எழுந்துவிட்டான். அவனுக்கு அந்தத் தொடுகை தெரியும். தினமும் கண்டெய்னரிலிருந்து இறக்குகிற சரக்கு அப்படித்தான் இருக்கும்.

"கட்டையா இருக்காளே! எங்கம்மாவ என்னடா செஞ்சிய?"

குளிப்பாட்ட வந்த பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். கையை மடக்க முடியவில்லை. வாய்க்கரிசி போட வாய் திறக்கவில்லை. அய்யாத்துரை தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்வெட்டரைக் கழற்றக்கூட மறந்து நின்றேன்.

ஒரு கிழவிதான் சொன்னாள், "நெழல்ல என்னத்துக்குப் போட்டுருக்கிய? வெயிலுக்குத் தூக்குங்கய்யா."

நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றினார்கள். மாடசாமி அவள் வலது கையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான். ஊதினான், கன்னத்தில் வைத்தான், மறுபடி தேய்த்தான். ஊர் மொத்தமும் சுற்றி உட்கார்ந்தது. மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருத்தரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. பொழுது சாயும்போது விரல் மடங்கியது. "வந்துட்டா, எங்கம்மா வந்துட்டா" என்று அவன் அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குளிப்பாட்டினார்கள்.

அந்தக் கண்டெய்னர் பக்கம் பெண்கள் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளி பூசணிக்காய் உடைத்துப் பார்த்தார், சூடம் கொளுத்திப் பார்த்தார். கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டார். கம்பெனியும் சில வருஷத்தில் படுத்துவிட்டது. அதற்கு வேறு காரணங்கள், சண்முகத்தாய் மேல் பழி போடக்கூடாது. இன்று அங்கே கரண்டு எடுக்கிற காற்றாடி நிற்கிறது. கீழே சீமைக்கருவேல்.

மாடசாமி மறுபடியும் துபாய்க்குத்தான் போனான். ஆனால் குளிர்கிடங்கு வேண்டாம் என்று சொல்லி, வெயிலில் கம்பி கட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். திரும்பி வந்து கோவில்பட்டியில் டீக்கடை போட்டான். கடையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. குடிக்கக் கலர் சோடா கேட்டால், "அடுத்த கடையில வாங்கிக்கிடுங்க" என்பான். தன்னை ஐஸில் வைக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னது அந்தக் கடை பெஞ்சில்தான்.

சொன்னவனைப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு அவன் மனைவியிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், "மக கனடாவுல இருந்து ப்ளேன் ஏறிட்டா அண்ணாச்சி. நான் அப்பா மொகத்தப் பாக்காமத் தூக்கிராதீங்கன்னு ஒரே அழுக."

பெட்டி வேண்டாம் என்று சொல்ல வந்தவன் திரும்பிவிட்டேன். ஆத்தா செத்த அன்றைக்கு அவன் கேட்டதும் அதைத்தானே. பெட்டி கொண்டுவந்த பையனிடம் போய், "கூலிங்க கொஞ்சம் கொறச்சு வையி தம்பி" என்றேன். "கொறச்சாத் தாங்காது சார்" என்றான். அவன் தொழில் அவனுக்கு.

மறுநாள் மகள் வந்தாள். மூடியைத் திறந்தார்கள். கையைத் தொட்டவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, அப்பா கை ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு?"

வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. தகனமேடையில் நேரம் சொல்லியிருக்கிறார்களாம், பிந்தினால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்களாம். "கொஞ்சம் பொறுங்கப்பா" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

நான் அவன் இடது கையை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன். என்னைப் பார்த்து அவளும் வலது கையை எடுத்துத் தேய்த்தாள். சூடு ஏறுவதற்குள் தூக்கிவிட்டார்கள்.