கட்டைவிரலுக்கு ஒரு மாதச் சந்தா

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், என் வலது காலில் செருப்பு இல்லை என்பதை ஒரு மாணவிதான் சொன்னாள்.

"டீச்சர், ஒத்தச் செருப்போட வந்திருக்கீங்க."

பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை கரிசல் பாதை. மழைக்காலத்தில் அந்த மண் செருப்பைக் கவ்விக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் இங்கே வழக்கம். அன்று நான் அவிழ்க்க மறந்துவிட்டேன், மண் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்தேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். செருப்பு கழன்றது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று, முள்ளும் சரளையும் கிடந்த பாதையில் வெறுங்கால் ஏன் உறுத்தவில்லை என்று யோசிக்கவில்லை. வேறு ஊராக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போயிருப்பேன். எங்கள் மண்ணில் செருப்பைப் பறிகொடுப்பதை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயிருந்தன. செருப்பு போன மறுநாள் படியேற முடியவில்லை. அதற்கடுத்த நாள் கரும்பலகையில் பாதிக் கணக்கில் சாக்பீஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை.

மதுரை மருத்துவமனையில் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் சிறு மின்சாரம் செலுத்தி அதன் வேகத்தை அளப்பது) செய்தார்கள். கில்லன் பாரே நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வந்த கிருமியை விட்டுவிட்டுத் தன் நரம்புகளையே தாக்குவது) என்றார்கள். பலவீனம் காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சு வரை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். காலையும் மாலையும் வந்து, ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறேன் என்று கேட்பார்.

"கணக்கு டீச்சர்தானம்மா? எண்ணுங்க பாப்போம்."

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாகவே மூச்சு முடிந்தது. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு செலுத்துவது) தொடங்கிய பிறகு ஒருநாள், முந்தின நாள் நின்ற எண்ணைத் தாண்டினேன். மருத்துவர் சிரித்தார். என் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தை பிறந்து கோவில்பட்டிக்குத் திரும்பினேன். கால்கள் முதலில் வந்தன. சுவரைப் பிடித்து நடந்தேன். கைகள் வரவில்லை. விரல் நுனிகளில் ஏதோ உறை மாட்டியதுபோல இருந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடாமல் தனியே கிடந்தது.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த மாடிவீட்டில் தனியாக இருக்கிறேன். சென்னையில் இருக்கும் தம்பிக்கு என்னை அங்கே கூட்டிப்போக வேண்டும். எனக்கு இங்கே இருக்க வேண்டும். கூடத் தங்கி என்னைப் பார்த்துக்கொண்ட சண்முகக்கனி, வைகாசியில் மகளின் பேறுகாலத்துக்குக் கடம்பூர் போயாக வேண்டும். அதன் பிறகு நான் தனி.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன்," என்றான் தம்பி. "மே மாசம் வாரேன். அதுக்குள்ள நீயா ஒரு தீக்குச்சிய ஒரசி அடுப்பப் பத்த வச்சிக் காட்டு. நான் வாயத் தொறக்கல. இல்லன்னா வீட்டக் காலி பண்ணிட்டு என்கூடக் கெளம்பணும்."

"லைட்டர் வாங்கிக் குடுத்திட்டுப் போங்களேன்," என்றாள் கனி.

"தீப்பெட்டி செய்யுற கோவில்பட்டியில இருந்துக்கிட்டு லைட்டரா? ஊரே சிரிக்கும்," என்றேன் நான். அப்படித்தான் அந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சி தந்த இயன்முறை மருத்துவர் இளம்பெண். ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அதை அமுக்கியபடியே தூங்கிப்போவேன். "பந்த அமுக்கச் சொன்னா தூங்குதீங்க. உங்களுக்குப் பிடிச்ச வேலையா ஏதாவது விரலுக்குக் குடுக்கணும் டீச்சர்," என்றார். தம்பிக்கு இது தெரிந்ததும், அவன் மகள் கம்ப்யூட்டர் வந்த பிறகு தொடாமல் வைத்திருந்த டிவி வீடியோ கேம் பெட்டியைப் பார்சலில் அனுப்பினான். ஒரு பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக். கேசட் ஒன்றுகூட இல்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கடை இருந்தது. சினிமா கேசட்டும் சிடியும் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு அலமாரி முழுக்க கேம் கேசட்டும் வைத்திருந்தார்கள். மாதச் சந்தா கட்டிவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு கேசட் எடுக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கனி போய்ச் சந்தா கட்டினாள்.

"யாருக்குன்னு கேட்டாரு கடைக்கார அண்ணாச்சி. டீச்சருக்குன்னேன். எந்த டீச்சர், என்ன வயசுன்னாரு. சொன்னதும் ஒரு மாதிரியாப் பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"கொண்டுட்டுப் போ, பிடிக்கலன்னா பக்திப் படம் தாரேன்னாரு."

இனி எழுதுவது, என்னைப்போல விரல்கள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருப்பவர்களுக்கு. ஆட்டங்களின் பெயர்களை எழுதவில்லை. கடைக்குக் கடை ஒட்டும் பெயர் வேறு. எங்கள் அலமாரியில் ஒரே ஆட்டம் மூன்று பெயரில் இருந்தது. எப்படிப்பட்ட ஆட்டம் என்று சொல்லிக் கேளுங்கள்.

முதலில், மேலிருந்து கட்டைகள் விழ விழ இடைவெளியில்லாமல் அடுக்கும் ஆட்டம். தொடக்கத்தில் மெதுவாக விழும். இடது கட்டைவிரல் நகர்த்தும், வலது கட்டைவிரல் திருப்பும், அவசரம் இல்லை. தோற்றால் யாரும் சாவதில்லை. இதன் அருமை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்தது கார்ப் பந்தயம். ஒரே பொத்தானை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். நரம்பு அயர்வதை (வேலை செய்யச் செய்ய வலு குறைவதை) இது உடனே காட்டிவிடும். கார் தானாக மெதுவாகும். அப்போது நிறுத்திவிடுங்கள். பறவை சுடும் ஆட்டத்துக்குத் துப்பாக்கி ஒன்று தருவார்கள். மணிக்கட்டு நிற்காதவர்களுக்கு அது பாரம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது டாங்கி ஆட்டம். கீழே நடுவில் நம் கோட்டை. மேலிருந்து எதிரி டாங்கிகள் வரும்; சுட வேண்டும். முதல்நாள் தெரியாமல் 'இருவர்' என்பதைத் தேர்ந்துவிட்டேன். என்னுடைய டாங்கிக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது. அதை ஓட்டும் ஜாய்ஸ்டிக் தரையில் கிடந்தது. அது அசையாமல் நின்றது, எதிரி வந்து சுட்டான், மறைந்தது. மறுபடி வந்து நின்றது. கனியைக் கூப்பிட்டேன்.

"எனக்கு எதுக்கு டீச்சர் இந்தச் சண்ட? ஒல கொதிக்குது," என்று போய்விட்டாள்.

அடுத்த தடவை 'ஒருவர்' என்பதைத் தேர்ந்தேன். திரை காலியாக இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி 'இருவர்' போட்டேன். பகலெல்லாம் அந்த அசையாத டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்து காவல் காத்தேன். பள்ளியிலிருந்து முதல் மாதம் என்னைப் பார்க்க வந்தவர்கள் அப்போது வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தேர்வுக் காலம்.

மின்சாரம் போனால் ஆட்டம் முதல் கட்டத்திலிருந்துதான். விட்ட இடத்தை அந்தப் பெட்டி நினைவில் வைக்காது. மாசியில் மின்சாரம் அடிக்கடி போயிற்று.

பங்குனியில் என் கை தேறிவிட்டது. அப்படித்தான் நம்பினேன். டாங்கி சரமாரியாகச் சுட்டது. கண்டிராத கட்டங்களுக்கெல்லாம் போனேன். தம்பிக்குத் தொலைபேசியில், "நீ வந்து பாத்திட்டு மட்டும் போ. பெட்டி கட்ட வேண்டியிருக்காது," என்றேன்.

அன்று கனி கேசட் மாற்றக் கடைக்குப் போயிருந்தாள். நான் தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி விரலிடையில் நிற்கவில்லை. அடுத்தது ஒடிந்தது. பெட்டியை மேசையோடு சேர்த்து முழங்கையால் அண்டைகொடுத்து, குச்சியை இரண்டு விரல் முட்டிகளுக்கு இடையில் செருகி உரசினேன். பற்றிக்கொண்டது. சுடரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

"ஏ டீச்சர்! கையி கருகுது!"

வாசலில் கேசட்டோடு நின்றிருந்த கனி ஓடிவந்து தட்டிவிட்டாள். விரலில் தோல் வெளுத்துக் கொப்பளித்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசியில் செருப்பு போனது தெரியாததுபோல.

டாங்கியை அவ்வளவு வேகமாகச் சுடவைக்கும் விரலுக்கு ஒரு குச்சியை ஏன் பிடிக்க முடியவில்லை? பதில் அடுத்த வாரம் வந்தது. ஜாய்ஸ்டிக்கின் வயர் விட்டுப்போனது. கனி கடையில் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி தந்த பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை வைத்து முதல் கட்டத்தைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை. டாங்கி எப்போதோ ஒரு குண்டு சுட்டது. ரிப்பேர் ஜாய்ஸ்டிக்கைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்று திருப்பி அனுப்பினேன். மதியம் கடை அடைத்ததும் அண்ணாச்சியே படியேறி வந்தார், என்னுடையதைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு டீச்சர். நீங்க எந்தப் பட்டன அமுக்குதீங்க?"

காட்டினேன். என் ஜாய்ஸ்டிக்கில் நான்கு பொத்தான்கள். மேல்வரிசை இரண்டில் ஒன்றின்மேல் என் கட்டைவிரல் கிடந்தது. அதுதான் விரல் தானாக விழும் இடம்.

"அது டர்போல்லா! சும்மா வச்சிருந்தாலே போதும், தன்னால சுட்டுக்கிட்டே இருக்கும். அந்தப் பழசுல டர்போ கெடையாது. நீங்க அமுக்குனாத்தான் சுடும்."

"அப்ப இத்தன நாளும்..."

"மிஷின் வெளையாண்டிருக்கு," என்றார். பிறகு என் விரலில் தீக்காயத்துக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "அத விடுங்க டீச்சர். எங்க கடைக்கு வார பயலுகள்ல பாதிப் பேரு அப்பிடித்தான் ஜெயிக்கான்."

அவர் போன பிறகு வெகுநேரம் டிவியைப் போடவில்லை. தேறிவிட்ட ஒரு கையோடு ஒரு மாதம் வாழ்ந்திருந்தேன். அந்தக் கை என்னிடம் இல்லை. தம்பிக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

நடந்ததை இயன்முறை மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நரம்பு மயிரிழை மயிரிழையாத்தான் வளரும். நீங்க நெனச்ச வேகத்துக்கு வராது. ஆனா வராதுன்னு நான் சொல்லல," என்றார். மேல்வரிசைப் பொத்தான்களின்மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

கட்டைகள் விழும் ஆட்டத்துக்குத் திரும்பினேன். கீழ்வரிசைப் பொத்தான், ஒரு அழுத்துக்கு ஒரு திருப்பல். பலநாள் ஒன்றும் மாறவில்லை. சித்திரை வெயிலில் மாடி கொதித்தது. கனி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தா, அந்த ஓரத்துல எடம் இருக்கு... போச்சு! ஏன் டீச்சர், பிள்ளையளுக்கு இப்பிடித்தான் கணக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்பாள். ஒருநாள் அவள் பேச்சை நிறுத்தியதை உணர்ந்து திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மடங்கி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டைத் தொட்டது. இதைக் கிள்ளுப்பிடி (சாவியைப் பிடிக்கும் பிடி) என்பார்கள்.

உங்கள் ஜாய்ஸ்டிக்கில் டர்போ இருந்தால் முதல் நாளே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். நான் தரக்கூடிய பரிந்துரைகளில் முக்கியமானது இதுதான்.

மே மாதம் தம்பி வந்தான். பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தான்.

கனி அடுப்பின் குமிழைத் திருகத் தயாராக நின்றாள். நான் குச்சியை எடுத்தேன். முதல் குச்சி ஒடிந்தது. தம்பி ஒரு எட்டு முன்னால் வந்தான். "அங்கனயே நில்லுங்க," என்றாள் கனி. இரண்டாவது குச்சியை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். உரசினேன். கனி குமிழைத் திருகினாள். அடுப்பு பக்கென்று பற்றிக்கொண்டது.

குச்சியை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. அது எரிந்துகொண்டே கீழே இறங்கியது. திடீரென்று விரலில் ஏதோ கடித்தது. உதறினேன்.

"சுட்டிருச்சாக்கா?" தம்பி குழாயைத் திறக்க ஓடினான்.

"சுடுதுடா," என்றேன். "சுடுது."

கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி குழாயைத் திறந்துவிட்டு, மூட மறந்து நின்றான்.

மறுநாள் அவன் ரயிலேறினான். லைட்டரை எடுத்துப்போக மறந்துவிட்டான், அல்லது விட்டுப்போனான். வைகாசி பிறந்ததும் கனி போனாள். ஜூனில் பள்ளி திறந்தது. இப்போது கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்; மாணவிகளுக்கு அது பிடித்திருக்கிறது. விரல் நுனிகளில் இன்னும் ஒரு மெல்லிய உறை மிச்சம் இருக்கிறது. அது கழலாமலேயே போகலாம் என்கிறார்கள்.

கடையில் கேம் அலமாரி பாதியாகிவிட்டது; எல்லாம் சிடி என்கிறார் அண்ணாச்சி. சந்தாவை நிறுத்தவில்லை. மாலையில் டாங்கி ஆட்டம். 'இருவர்' என்றுதான் போடுகிறேன். பக்கத்து டாங்கி அசையாமல் நிற்கிறது. நான் அதை விட்டு அதிக தூரம் போவதில்லை.

காலையில் எழுந்ததும் அடுப்பு. உரசியதும் பற்றிவிடும், பாலும் வைத்தாயிற்று. அவசரமில்லை. குச்சி எரிந்து இறங்குகிறது. உரசலுக்கும் சூட்டுக்கும் இடையில் இப்படி ஒரு நேரம் இருப்பது, இத்தனை வருடம் இந்த ஊரில் தீக்குச்சி உரசியும் எனக்குத் தெரியாது. அந்த நேரம் முழுவதும் நான் அந்த விரலில்தான் இருக்கிறேன். சூடு விரலைத் தொடும்வரை காத்திருக்கிறேன். பிறகுதான் ஊதி அணைக்கிறேன்.