ஆமை மாஸ்டரின் அவசரம்

தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டருக்கு ஆமை என்று பெயர். நாற்பது அடுக்குத் துணியை விரித்து, அட்டை அச்சு வைத்துக் கோடு போட்டு முடித்தாலும் உடனே வெட்டமாட்டார். குழாயடிக்குப் போய் முகம் கழுவி, திரும்பி வந்து கோட்டை மறுபடி பார்த்த பிறகுதான் வெட்டும் மெஷினைத் தொடுவார். தையல்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

இளவயதில் வேறொரு ஊரில், கை பரபரத்து, வலப்பக்கத்துக்கு அச்சைத் திருப்பிப் போடாமலே வெட்டித் தள்ளியவர்தான் இவர். நாற்பது சட்டைக்கும் முன்பக்கம் இரண்டுமே இடப்பக்கமாகிவிட்டன. ஏனென்று கேட்ட முதலாளியின் கழுத்தைப் பிடித்தார். வேலையும் போயிற்று, ஊரும் போயிற்று. அவருடைய அப்பா சாப்பாட்டுத் தட்டை வீசாத நாளில்லை. தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்ற பயத்திலேயே முப்பது வருஷத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டார். அது என்ன சின்ன வேலையா? மனைவிக்குக்கூட இது தெரியாது.

இப்போது மகள். மேலாளர் ஒரு வார்த்தை சொன்னார் என்று அவருடைய கணினியைத் தள்ளி உடைத்துவிட்டு, நாலாவது வேலையையும் விட்டு வந்திருந்தாள். ஒரு வாரமாக யார் முகத்திலும் விழிக்கவில்லை. நம் குடும்பத்தில் நான் மட்டும்தான் கோணல் என்று ஒரே புலம்பல். கெஞ்சிக் கூத்தாடித்தான் டாக்டரிடம் கூட்டிவந்திருந்தார்கள்.

இந்தப் படபடப்பு ஓரளவுக்குப் பிறவியிலேயே வரலாம், வளர்ப்பை மட்டும் குறை சொல்ல முடியாது, அதற்காக இதுதான் தலையெழுத்து என்றும் இல்லை என்றார் டாக்டர். பிறகு, குடும்பத்தில் வேறு யாராவது உண்டா என்று கேட்டார்.

மனைவி முந்திக்கொண்டாள். "இவரோட அப்பா ஒருத்தர்தான், டாக்டர். இவருக்குக் கோபம்னா என்னன்னே தெரியாது."

"கேட்டீங்களா? அப்பாவத் தாண்டி எனக்கு வந்திருக்கு," என்றாள் மகள்.

இனிமேல் இதைத் தனியாகத் தூக்க மாஸ்டருக்குத் தெம்பில்லை.

"தாண்டலம்மா. எனக்கும் இருக்கு," என்றார். கழுத்தைப் பிடித்த கதையைச் சொன்னார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எப்பப்பா சரியாச்சு?"

"சரியாகல. இன்னிக்குக் காலைலகூட ஒருத்தன அடிக்கத்தான் கை போச்சு. அடக்கி அடக்கியே அலுத்துப்போச்சு."

மகள் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.