வாகை மரத்து உடும்பு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் வேலையில் இருந்தேன். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. வாடகை வீட்டின் பின்னால் ஒரு வாகை மரமும் அடிபம்பும் இருந்தன. மரத்தடியில் மூன்று கோழிகள் வளர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னோடு அதே பட்டறையில் அச்சுக்குக் களிமண் கூழ் ஊற்றுபவள். என் பம்பில்தான் தண்ணீர் அடிப்பாள். ஒருநாள் அவள் உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்தாள். சாயங்காலம் நான் திரும்பியபோது கோழிகள் முட்டையிடும் கூடையில் ஒரு முட்டைகூட இல்லை. ஒரு வாரமாகவே அப்படித்தான்.

மறுநாள் டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "நேத்து வூட்டுலதான இருந்த? முட்டைய எடுத்தியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் ஏங்க்கா எடுக்கறேன்? அந்த வாகை மரத்துல ஒரு உடும்பு கெடக்குது. அதுவா இருக்கும்."

"உடும்பு தின்னா ஓடாவது கெடக்காதா?" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.

பத்து நாள் கழித்து எனக்குக் காய்ச்சல். வீட்டிலேயே படுத்திருந்தேன். வெயில் ஏறியதும் பின்பக்கம் பட்டையைப் பிறாண்டும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். மரத்தின் பொந்திலிருந்து ஒரு உடும்பு தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது, வாலோடு நாலடி இருக்கும். பிளந்த நாக்கை நீட்டி நீட்டித் தரையை மோப்பம் பிடித்தது. நேராகக் கூடைக்குப் போய் முட்டையைக் கவ்வித் தலையை மேலே தூக்கியது. தொண்டை புடைத்து, அந்தப் புடைப்பு மெல்ல உள்ளே இறங்கியது. ஓட்டோடு விழுங்கிவிட்டது.

கத்தி விரட்டக்கூடத் தோன்றவில்லை. டீ நேரத்தில் அவளைக் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவள் வாசலில் போய் நின்றேன். "உடும்புதான்டி. கண்ணால பாத்தேன்."

"நான் அன்னிக்கே சொன்னேங்க்கா."

"தப்பா நெனச்சிட்டேன்."

அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் இருக்கச்சே கேட்டீங்க. இதையும் அங்கயே சொல்லிடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் டீ நேரத்தில் சொல்லவும் செய்தேன். ஆனால் எப்படிச் சொன்னேன்! உடும்பு இறங்கியதை, நாக்கை நீட்டியதை, முட்டை தொண்டையில் இறங்கியதைக் கழுத்தைத் தூக்கி நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கறி நல்லா இருக்குமே, புடிக்கலாமா?" என்று ஒருவர் கேட்க, பேச்சு அப்படியே போய்விட்டது. இவள் எடுக்கவில்லை, நான்தான் பழி போட்டேன் என்ற ஒரு வரியை நான் சொல்லவேயில்லை. சிரிப்பு வந்த வேகத்தில் சொல்ல மனசும் வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. கையில் காய்ந்திருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் எழுந்து அச்சுக்குப் போய்விட்டாள். நான் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அவள் என் பம்பைத் தொடவில்லை.